பச்சைப்பட்டு பச்சையாகவே இருக்க



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது மேடைகளில் அதிகம் பேசப்படாத ஒரு வேலை. எடுத்து வந்த ஃபுட்டேஜை எடிட்டிங்குக்கு ஏற்ற வடிவத்துக்கு மொத்தமாக மாற்றுகிறோமே, அந்த வேலை. நம் தொழிலில் அதற்குப் பெயர் கன்வெர்ஷன். அதில் கோளாறு ஏன் வருகிறது, வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது, வராமல் எப்படிக் காப்பது, இதுதான் பேச்சு.

"அண்ணே, நைட்டு நூத்தம்பது கிளிப்பக் கன்வெர்ஷன்ல போட்டுட்டுப் போனேன். காலைல வந்து பாத்தா பன்னெண்டாவதுலயே நின்னு கெடக்குண்ணே." இந்தக் குரலைக் கேட்காத எடிட்டிங் அறை மதுரையில் இருக்கிறதா? டவுன்ஹால் ரோட்டு ஸ்டுடியோவில் கேட்டிருக்கிறோம், உசிலம்பட்டியில் கேட்டிருக்கிறோம், மேலூரில் கேட்டிருக்கிறோம். உடனே என்ன சொல்கிறோம்? சாஃப்ட்வேர் சரியில்லை என்கிறோம். கம்ப்யூட்டர் பழசு என்கிறோம். வேறு சாஃப்ட்வேரை இறக்கி, அதே நூற்றைம்பது கிளிப்பை மறுபடியும் போடுகிறோம். அது நாற்பதாவதில் நிற்கிறது.

நான் உறுதியாகச் சொல்கிறேன். மொத்தக் கன்வெர்ஷனில் வரும் கோளாறுகளில் பெரும்பகுதி, பட்டனை அழுத்துவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கிறது. என்ன கோப்பு வந்திருக்கிறது என்று பார்க்காமல் மாற்றினோம், அதனால் வந்தது. முதலில் பார்க்க வேண்டும், பிறகுதான் மாற்ற வேண்டும். இந்த ஒன்றைத்தான் இன்று பல கோணங்களில் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

மதுரைக்காரர்களுக்கு இதைச் சொல்ல மதுரையையே எடுத்துக்கொள்வோம். சித்ரா பௌர்ணமி. விடியற்காலை. அழகர் கோவிலிலிருந்து 21 கிலோமீட்டர் வந்த கள்ளழகர், மதுரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை கண்டு, தங்கக்குதிரையில் ஏறி வைகையில் இறங்குகிறார். ஆழ்வார்புரம் பக்கம் ஒரு கேமரா. ஏ.வி. பாலத்துக்கு அருகில் ஒரு கேமரா. கூட்டத்துக்குள் கையில் மொபைலோடு இரண்டு தம்பிகள். பத்து வருஷத்துக்கு முந்தைய ஒரு ஹேண்டிகேம் ஒரு பெரியவர் கையில். இத்தனை பேரும் எடுத்தது மதியம் ஒரே மேசைக்கு வருகிறது.

என்ன வந்திருக்கிறது? ஒன்று எச்.264, ஒன்று எச்.265. ஒன்று நொடிக்கு 25 ஃப்ரேம், ஒன்று 29.97, ஒன்று 50. ஒன்று இன்டர்லேஸ், மற்றவை புரொகிரஸிவ். ஒன்று எட்டு பிட், ஒன்று பத்து பிட் எச்.டி.ஆர். இத்தனையையும் ஒரே ஃபோல்டரில் கொட்டி, ஒரே பிரிசெட்டைத் தேர்ந்தெடுத்து, 'ஸ்டார்ட்' அழுத்தினால் என்ன ஆகும்? கேள்வியிலேயே பதில் இருக்கிறது.

கோப்பின் பெயருக்குப் பின்னால் எம்பி4 என்று இருப்பது கன்டெய்னரின் பெயர். உள்ளே என்ன கோடெக் இருக்கிறது என்பதை அது சொல்லாது. இரண்டு எம்பி4 கோப்புகளில் ஒன்றுக்குள் எச்.264-உம் இன்னொன்றுக்குள் எச்.265-உம் இருக்கலாம். எச்.264 வந்தது 2003-இல், எச்.265 வந்தது 2013-இல். பழைய எடிட்டிங் சாஃப்ட்வேர் முதலாவதைத் திறக்கும், இரண்டாவதில் ஒலி மட்டும் வந்து படம் கறுப்பாக நிற்கும். பெயரை எம்ஓவி என்று மாற்றி வைத்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பெயர் மாறினால் உள்ளே ஒரு பிட்டும் மாறாது.

உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கோப்பை இழுத்து அதில் போட்டால் கோடெக், ஃப்ரேம் ரேட், அது நிலையானதா மாறுவதா, இன்டர்லேஸா, எத்தனை பிட், எந்த நிற அளவீடு, ஆடியோ எத்தனை கிலோஹெர்ட்ஸ், எல்லாம் ஒரே பக்கத்தில் வந்து நிற்கும். ஒவ்வொரு கேமராவிலிருந்தும் ஒரு கிளிப்பை எடுத்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடித்துத்தான் ஐந்து ராத்திரியை இழக்கிறோம்.

சரி, எதற்காக மாற்றுகிறோம்? கேமராவில் பதிவானதை அப்படியே எடிட் செய்தால் என்ன? மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு வாருங்கள். உதிரி மல்லிகையில் எந்தப் பூ வேண்டுமானாலும் உடனே கையில் எடுக்கலாம். தொடுத்த சரத்தில் நடுப்பூ ஒன்றை எடுக்க வேண்டுமானால், முந்தைய முடிச்சுகளை அவிழ்த்துக்கொண்டு வர வேண்டும். எச்.264-உம் எச்.265-உம் பெரும்பாலும் தொடுத்த சரம். ஒரு முழு ஃப்ரேமை எழுதிவிட்டு, அடுத்து வருபவற்றில் மாறிய பகுதியை மட்டும் எழுதிக்கொண்டு போகும். நீங்கள் டைம்லைனில் ஓரிடத்தைத் தொட்டதும் கம்ப்யூட்டர் பின்னால் போய் முழு ஃப்ரேமைத் தேடி, அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டு வர வேண்டும். அதனால்தான் இழுக்கிறது, திணறுகிறது. ஆப்பிள் 2007-இல் கொண்டுவந்த புரோரெஸ் 422, அதற்கு முன்பே ஆவிட் கொண்டுவந்த டிஎன்எக்ஸ்எச்டி ஆகியவற்றில் ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனி. தொட்ட இடத்தில் உடனே திறக்கும்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் தெளிவாக மறுத்துச் சொல்ல வேண்டும். புரோரெஸுக்கு மாற்றினால் குவாலிட்டி கூடும் என்கிறார்கள். கூடாது. கேமரா பதியாமல் விட்டதை எந்தக் கோடெக்காலும் கொண்டுவர முடியாது. அழகர் ஆற்றில் இறங்கும்போது பக்தர்கள் தோல்பை துருத்தியால் தண்ணீரைப் பீய்ச்சுவார்களே, அந்தக் காட்சியை யோசித்துப் பாருங்கள். ஆயிரம் துளிகள், ஒவ்வொரு ஃப்ரேமிலும் வேறு வேறு இடத்தில். பின்னால் அசையும் கூட்டம். அரை வெளிச்சம். மாறியதை மட்டும் எழுதும் கோடெக்குக்கு இங்கே எல்லாமே மாறுகிறது. பிட்ரேட் போதாமல் துளிகள் சதுரக் கட்டங்களாக உடைந்துவிடும். அப்படி உடைந்து பதிவானது, புரோரெஸிலும் உடைந்தபடிதான் இருக்கும். மாற்றுவதால் கிடைப்பது எடிட்டிங்கில் வேகம். அத்துடன், மறுபடி மறுபடி ரெண்டர் செய்யும்போது மேலும் கெடாமல் தாங்கும் வலு. அவ்வளவுதான். அது போதுமான லாபம்.

அந்த லாபத்துக்கு விலை உண்டு. விலை ஹார்ட் டிஸ்க்கில். ஹேண்டிகேமின் ஏவிசிஎச்டி நொடிக்கு 24 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 11 ஜிபி. அதையே 25 ஃப்ரேம் முழு எச்டி புரோரெஸ் 422 ஆக்கினால் நொடிக்கு சுமார் 122 மெகாபிட், ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 55 ஜிபி. ஐந்து மடங்கு. இருபது மணி நேர ஃபுட்டேஜோடு உட்கார்கிறவர் ஒரு டிபி டிஸ்க்கை எழுதுமிடமாகக் கொடுத்தால், பதினெட்டாவது மணி நேரத்தில் டிஸ்க் நிரம்பிவிடும். நிரம்பிய பிறகு சில மென்பொருள்கள் நிற்கும். சில நிற்காமல், மிச்சக் கிளிப்புகளுக்குப் பெயரை மட்டும் எழுதி வைத்துவிட்டுப் போகும். காலையில் பார்த்தால் கோப்பு எண்ணிக்கை சரியாக இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு கோளாறு. சின்னக் கிளிப்பெல்லாம் நன்றாக மாறுகிறது, பெரிய கிளிப்பெல்லாம் பாதியில் அறுபடுகிறது. அறுபட்டவற்றின் அளவைப் பாருங்கள். எல்லாம் 4 ஜிபி பக்கத்தில் நிற்கிறதா? அப்படியானால் எழுதும் டிஸ்க் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆனது. அது 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பை ஏற்காது. நான் சொன்ன புரோரெஸ் கணக்கில் நாலரை நிமிடத்துக்குச் சற்று மேல் போனாலே அந்த எல்லை வந்துவிடும். எக்ஸ்ஃபேட்டுக்கோ என்டிஎஃப்எஸ்ஸுக்கோ மாற்றினால் தீர்ந்தது. இதற்காகக் கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்தவர்களை நான் அறிவேன். கோளாறு தேடுவதன் முதல் பாடம் இதுதான்: கெட்டுப்போன கோப்புகளுக்குள் பொதுவாக இருப்பது என்ன, நன்றாக வந்தவற்றில் இல்லாதது என்ன? இந்தக் கேள்வியைக் கேட்காமல் எந்த செட்டிங்கையும் தொடாதீர்கள்.

அடுத்து, ஃப்ரேம் ரேட். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நம் தொலைக்காட்சி 25 ஃப்ரேம் முறையில் வளர்ந்தது. கல்யாண மண்டபத்து டியூப்லைட் நொடிக்கு நூறு முறை மினுங்குகிறது. 25 ஃப்ரேமில், ஐம்பதில் ஒரு பங்கு ஷட்டரில் எடுத்தால் அந்த மினுங்கல் படத்தில் தெரியாது. மொபைலோ பெட்டியிலிருந்து எடுத்தபடி 30 ஃப்ரேமில் இருக்கும். மணமேடைக்குப் பின்னால் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஊர்வதைப் பார்த்திருப்பீர்களே, அது இதனால் வருவது. அதைக் கன்வெர்ஷனில் சரிசெய்ய முடியுமா? முடியாது. எடுக்கும்போதே 25-க்கு மாற்றியிருக்க வேண்டும். ஐஃபோனில் 25 ஃப்ரேம் தரும் 'பால்' (PAL) ஃபார்மேட்டைக் காட்டச் சொல்லும் வசதி கேமரா செட்டிங்கிலேயே இருக்கிறது. பல ஆண்ட்ராய்டு மொபைல்களிலும் தனி ஆப் மூலம் செய்யலாம்.

30-ஐ 25 ஆக்கும்போது ஆறில் ஒரு ஃப்ரேம் கழிகிறது. அம்மன் தேர் மாசி வீதியில் திரும்புகிறது. வடம் இழுபடுகிறது, மெதுவாக அசைகிறது தேர். ஆறில் ஒன்று கழிந்த படத்தில் தேர் தடுக்கித் தடுக்கி வரும். என்ன செய்யலாம்? படத்தின் பெரும்பகுதி 25 என்றால் டைம்லைன் 25. மொபைல் காட்சிகளை ஒரே ஒரு முறை, ஒரே இடத்தில் மாற்றுங்கள். கன்வெர்ட்டரில் ஒரு முறை, டைம்லைனில் இன்னொரு முறை, டெலிவரியில் மூன்றாவது முறை என்று மாற்றினால் தடுக்கல் கூடிக்கொண்டே போகும்.

மொபைலில் இன்னொரு பெரிய சிக்கல் உண்டு, மாறும் ஃப்ரேம் ரேட். வெளிச்சம் குறைந்தால் மொபைல் தானாகவே ஃப்ரேமைக் குறைத்துக்கொள்ளும். வெளிச்சம் வந்ததும் கூட்டிக்கொள்ளும். எதிர்சேவை இரவில் எடுத்த ஒரே கிளிப்புக்குள் ஃப்ரேம் ரேட் பலமுறை ஏறி இறங்கியிருக்கும். சில எடிட்டிங் மென்பொருள்கள் அதை நிலையானதென்று எண்ணிக்கொண்டு ஓட்டும். விளைவு? தொடக்கத்தில் தவில்காரர் கோல் விழும் இடத்தில் ஒலி விழுகிறது. பத்தாவது நிமிடத்தில் கோல் மேலே இருக்கும்போது ஒலி வந்துவிடுகிறது. ஆடியோவை இழுத்துப் பொருத்திப் பொருத்தி மாய்ந்துபோகிறார்கள். ஓரிடத்தில் பொருந்தினால் இன்னோரிடத்தில் நழுவுகிறது. மீடியாஇன்ஃபோவில் ஃப்ரேம் ரேட் முறை 'வேரியபிள்' என்று இருந்தால், அந்தக் கிளிப்புகளைத் தனி ஃபோல்டரில் பிரித்து வையுங்கள். ஹேண்ட்பிரேக்கில் 'கான்ஸ்டன்ட்' என்பதைத் தேர்ந்து மாற்றிய பிறகே டைம்லைனுக்குக் கொண்டுவாருங்கள். நழுவல் சீராக, மணிக்கு 3.6 நொடி வீதம் வருகிறதா? அது வேறு நோய். 29.97-ஐ 30 என்று எங்கோ எடுத்துக்கொண்டிருக்கிறது. நாதசுரத்தின் சுருதியே மாறி ஒலிக்கிறதா? 44.1 கிலோஹெர்ட்ஸ் ஆடியோவை 48 என்று வாசிக்கிறது. நோய் மூன்று, மருந்தும் மூன்று. கூர்ந்து கேட்டால் எது என்று காதே சொல்லிவிடும்.

இப்போது நான் மிகவும் மதிக்கும் இடத்துக்கு வருகிறேன். நிறம்.

அழகர் எந்தப் பட்டு உடுத்தி ஆற்றில் இறங்குகிறார் என்று இந்தச் சீமையே காத்திருக்கிறது. பச்சைப்பட்டு என்றால் அந்த வருஷம் விளைச்சல் செழிக்கும் என்பது நம்பிக்கை. பச்சை தெரிந்ததும் எழும் ஆரவாரத்தை ஆற்றுக்குள் நின்று கேட்டவர்களுக்குத் தெரியும். லட்சக்கணக்கான சனம் பார்க்கக் காத்திருந்த அந்த நிறத்தை, நாம் ஒரு தவறான செட்டிங்கில் வெளிறிய மஞ்சள் கலந்த ஏதோ ஒன்றாக மாற்றிக் கொடுத்தால், அதை மன்னிக்க முடியுமா? என்னால் முடியாது.

எப்படி மாறுகிறது? பழைய எஸ்டி வீடியோவின் நிறக் கணக்குக்கு பிடி.601 என்று பெயர். எச்டியின் கணக்கு பிடி.709. பழைய காட்சியை எச்டி அளவுக்குப் பெரிதாக்கும் மென்பொருள், நிறக் கணக்கையும் சேர்த்து மாற்ற வேண்டும். மாற்றாமல் அளவை மட்டும் பெரிதாக்கினால், பச்சையும் சிவப்பும்தான் முதலில் நகரும். படம் கெட்டதுபோலத் தெரியாது. கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அதனால்தான் இது ஆபத்தானது. உடைந்த கோப்பை எல்லோரும் கண்டுபிடிப்பார்கள். நகர்ந்த நிறத்தை அங்கே நேரில் நின்றவர் மட்டும்தான் கண்டுபிடிப்பார்.

ஒளி அளவிலும் இதே கதை. சில கேமராக்கள் கறுப்பிலிருந்து வெள்ளைவரை 0 முதல் 255 வரை எழுதும். வீடியோவின் மரபு 16 முதல் 235 வரை. முதலாவதை இரண்டாவதாக வாசித்தால் கறுப்பு இறுகிவிடும், வெள்ளை வெடித்துவிடும். தங்கக்குதிரையின் மேல் இருக்கும் நுணுக்கமான வேலைப்பாடு ஒரே மஞ்சள் திட்டாகிவிடும். 2020 முதல் வந்த ஐஃபோன்கள் பலவற்றில் எச்டிஆர் பதிவு தானாகவே போடப்பட்டிருக்கிறது. அதைச் சாதாரண வீடியோவாக முறைப்படி ஒளி இறக்கி மாற்றாமல் வெறுமனே குறுக்கினால் காட்சி முழுவதும் சாம்பல் பூத்தாற்போல் வரும். நூறு கிளிப்பை மாற்றும் முன் ஒரு கிளிப்பை மாற்றுங்கள். மூலத்தையும் மாற்றியதையும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முகத்தைப் பாருங்கள், பட்டைப் பாருங்கள், தங்கத்தைப் பாருங்கள். அதற்குப் பிறகு போடுங்கள் நூறையும்.

பழைய கேசட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1990-களின் விஎச்எஸ், 2000-களின் மினிடிவி கேசட்டுகள் நம் வீட்டு அலமாரிகளில் இருக்கின்றன. அந்தக் காலத்தில்தான் இந்த ஊரில் ஆவணப்படம் ஓர் இயக்கமாக எழுந்தது. மதுரை ஆவணப்பட, குறும்படத் திருவிழா 1998-இல் தொடங்கியது. துப்புரவுத் தொழிலாளி ஒருவரின் அன்றாடத்தைக் கண்ணெதிரே நிறுத்திய அமுதன் ஆர்.பி.யின் 'பீ' 2003-இல் வந்தது. ஜல்லிக்கட்டு, கரகம், அழகர் வர்ணிப்பு, தெருமுனைக் கூட்டம், வேலைநிறுத்தம் என்று அந்த ஆண்டுகளில் பதிவானவற்றுக்குக் கணக்கில்லை. விஎச்எஸ் பிளேயர் செய்துவந்த கடைசிப் பெரிய நிறுவனமான ஃபுனாய் 2016-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஓட்டிப் பார்க்கும் கருவிகள் ஆண்டுக்காண்டு குறைகின்றன. தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931-இல் வந்தது, அதன் பிரதி நம் கையில் இல்லை. ஒரு முழுநீளப் படத்துக்கே அந்தக் கதி என்றால், அலங்காநல்லூரில் யாரோ எடுத்த ஒரு கேசட்டை யார் காப்பாற்றுவார்கள்? நாம்தான்.

மினிடிவியில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. அது டிஜிட்டல். ஃபயர்வயர் கேபிள் வழியாக எடுத்தால் கேசட்டில் இருப்பது அப்படியே வரும், மணிக்கு 13 ஜிபி அளவில். அதை விட்டுவிட்டு, மஞ்சள் வெள்ளை சிவப்பு வயரில் டிவிடி ரெக்கார்டருக்குள் அனுப்புவது, இருக்கும் நல்லதை நாமே கெடுப்பது. எடுத்த பிறகு மூன்று சோதனை. முகங்கள் அகலமாகத் தெரிந்தால் 4:3 படத்தை 16:9 ஆக இழுத்திருக்கிறீர்கள். அசையும்போது ஓரங்களில் சீப்புப் பற்கள்போலக் கோடு வந்தால் இன்டர்லேஸ் பிரிக்கப்படவில்லை. தேர்ச் சக்கரம் முன்னும் பின்னும் துடித்தால் ஃபீல்டு வரிசை தலைகீழ். பால் டிவியில் கீழ் ஃபீல்டு முதலில், எச்டியில் மேல் ஃபீல்டு முதலில். ஒரே பேட்ச்சில் இரண்டையும் கலந்தால் ஒன்று துடிக்காமல் போகாது. இன்டர்லேஸைப் பிரிக்கும்போது 50 ஃபீல்டையும் 50 ஃப்ரேமாக வைத்துக்கொண்டால் அசைவின் நளினம் தப்பும். 25 ஆக்கினால் பாதி அசைவு போய்விடும்.

இனி மொத்தமாகப் போடுவதற்கே உரிய கோளாறுகள். ஒரு கிளிப்பில் வராதவை, நூறு கிளிப்பில் வருபவை.

முதலில் பெயர். மூன்று கேமராவும் சி0001 என்று தொடங்குகிறது. மூன்று கார்டையும் ஒரே வெளியீட்டு ஃபோல்டருக்கு அனுப்பினால், சில மென்பொருள்களில் பின்னால் வந்தது முன்னால் வந்ததை அழித்து உட்காரும். நூற்றைம்பது போட்டோம், ஐம்பது வந்திருக்கிறது, எரர் எதுவும் இல்லை! ஃபாப்ரீஸ் பெல்லார்ட் 2000-இல் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவிதான் இன்று பல கன்வெர்ட்டர்களுக்கு உள்ளே ஓடுகிறது. அதை நேரடியாக ஓட்டும்போது அதே பெயரில் கோப்பு இருந்தால் அது நின்று 'அழித்து எழுதட்டுமா' என்று கேட்கும். ராத்திரி இரண்டு மணிக்கு பதில் சொல்ல யார் இருக்கிறார்கள்? விடியும்வரை அது காத்திருக்கும். அந்தப் பன்னிரண்டாவது கிளிப்பின் ரகசியம் பல நேரங்களில் இதுதான். பட்டியலைப் படித்துப் படித்து எஃப்எஃப்எம்பெக்கை ஓட்டும் ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு வார்த்தை. கீபோர்டிலிருந்து கட்டளை வருகிறதென்று எண்ணி, அடுத்த கோப்பின் பெயரையே அது விழுங்கிவிடும். உள்ளீட்டை வாசிக்காதே என்ற கட்டளையைச் சேர்த்தால் அந்தத் தொல்லை ஒழியும். ஸ்கிரிப்டில் கோப்புப் பெயரை மேற்கோள் குறிக்குள் வைக்காவிட்டால் பெயரில் இருக்கும் இடைவெளி அதை இரண்டாக வெட்டும். 'மீனா கல்யாணம் 2' என்பதை 'மீனா' என்ற கோப்பு இல்லை என்று திருப்பி அனுப்பும். கேமராவின் பெயர், தேதி, கார்டு எண் ஆகியவற்றை அடிக்கோடு போட்டு முன்னால் சேர்த்துப் பெயர் மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

பெயருக்கு அடுத்தது வரிசை. அலங்காநல்லூர் வாடிவாசல் பக்கம் ஆக்‌ஷன் கேமராவைக் கட்டி வைத்துக் காலையிலிருந்து ஓட விடுகிறோம். அது நீண்ட பதிவைத் துண்டு துண்டாக எழுதும். கோப்ரோவில் துண்டின் எண் முன்னாலும் பதிவின் எண் பின்னாலும் வரும். பெயர் வரிசைப்படி அடுக்கினால் முதல் பதிவின் முதல் துண்டுக்குப் பின்னால் இரண்டாம் பதிவின் முதல் துண்டு வந்து நிற்கும். மாடு வாடிவாசலில் கால் வைக்கும்போது அறுந்து, வேறொரு மாடு திமிலோடு தெரியும். ஏவிசிஎச்டி கார்டிலும் துண்டுகள் உண்டு. எம்டிஎஸ் கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு ஃபோல்டரை விட்டுவிட்டால், எது எதன் தொடர்ச்சி என்ற தகவல் போய்விடும். ஒட்டும் இடத்தில் ஒலி 'டப்' என்று அறுபடும். கார்டை முழுதாகக் காப்பி செய்யுங்கள். ஒரு ஃபோல்டரும் வேண்டாமென்று ஒதுக்காதீர்கள்.

பிறகு மின்சாரம். 2012-இல் நாள்தோறும் பல மணி நேரம் கரண்ட் போன காலத்தை மதுரை மறக்கவில்லை. இன்று அவ்வளவு இல்லை, ஆனாலும் சித்திரை வெயிலில் ஒரு நொடி போய் வந்தாலும் போதும். எம்பி4, எம்ஓவி கோப்புகளில் எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பெரும்பாலும் கடைசியில்தான் எழுதப்படும். அதற்கு முன் கரண்ட் போனால், ஐம்பது ஜிபி எழுதியும் அந்தக் கோப்பு திறக்காது. யூபிஎஸ் அவசியம். அதோடு, மாறிக்கொண்டிருக்கும் கோப்பு ஒரு தற்காலிக ஃபோல்டரிலும், முழுதாக முடிந்தது இன்னொரு ஃபோல்டரிலும் இருக்கும்படி வைத்துக்கொண்டால், எது முடிந்தது எது முடியவில்லை என்ற குழப்பமே வராது.

நின்றுவிட்டதா? பதறாதீர்கள். லாகைத் திறந்து கடைசி வரியைப் படியுங்கள். நின்ற கிளிப்பை மட்டும் தனியாகப் போடுங்கள். தனியாகவும் நின்றால் கோளாறு கிளிப்பில். தனியாக ஓடிவிட்டால் கோளாறு வரிசையில், பெயரில், டிஸ்க்கில் அல்லது கம்ப்யூட்டரின் சூட்டில். கிளிப்பில் என்றால் மூலத்தை முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். கார்டிலிருந்து காப்பி ஆனபோதே கெட்டிருக்கலாம். கார்டு இன்னும் அழிக்கப்படாமல் இருந்தால் மறுபடி காப்பி செய்தால் போதும். அழித்திருந்தால்? அதனால்தான் சொல்கிறேன், மூலமும் காப்பியும் ஒன்றுதானா என்று காட்டும் செக்சம் பார்க்காமல் எந்தக் கார்டையும் ஃபார்மேட் செய்யாதீர்கள்.

எல்லாம் முடிந்த பின்னும் வேலை முடியவில்லை. எண்ணிக்கை சரியா? ஒவ்வொன்றின் நீளமும் மூலத்தின் நீளத்தோடு பொருந்துகிறதா? ஒவ்வொரு கிளிப்பின் கடைசிப் பத்து நொடியை ஓட்டிப் பார்த்தீர்களா? ஒலி நழுவலும் பாதி அறுந்ததும் கடைசியில்தான் தெரியும், தொடக்கத்தில் தெரியாது. நாமோ தொடக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு 'ஓகே' என்கிறோம்.

புராக்ஸி முறையையும் யோசியுங்கள். எல்லாவற்றையும் பெரிய புரோரெஸ் ஆக்கத் தேவையில்லாத வேலைகள் நிறைய உண்டு. சின்னப் பிரதியில் எடிட் செய்து, கடைசியில் மூலத்தோடு இணைக்கலாம். ஆனால் பெயர், ஃப்ரேம் ரேட், டைம்கோடு, ஆடியோ சேனல் எண்ணிக்கை நான்கும் மூலத்தைப் போலவே இருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் இணையாது, அல்லது இணைந்தாற்போல் காட்டி இரண்டு ஃப்ரேம் தள்ளி நிற்கும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். மூலத்தை அழிக்காதீர்கள். மாற்றிய பிரதி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது பிரதிதான். நாளை இதைவிட நல்ல கருவி வரும், அப்போது கேட்கப்படுவது மூலம்தான். இரண்டு டிஸ்க்கில், இரண்டு வெவ்வேறு வீட்டில் வையுங்கள். அடுத்த சித்திரைத் திருவிழாவுக்குக் கேமரா எடுத்துப் போகும் எல்லோரும் முந்தைய நாளே ஒன்றுகூடி, எல்லாக் கேமராவையும் மொபைலையும் 25 ஃப்ரேமுக்கும் ஒரே கடிகார நேரத்துக்கும் கொண்டுவாருங்கள். கடைசி வேண்டுகோள், உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் மினிடிவி கேசட்டுகளை இந்த வாரமே வெளியே எடுங்கள். ஓடுகிற கேமராவும் ஃபயர்வயர் உள்ள பழைய கம்ப்யூட்டரும் யாரிடம் இருக்கிறதென்று இந்த அரங்கை விட்டுப் போவதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் கேளுங்கள். வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கையை உயர்த்துங்கள்.